வாக்கிங் போறேன்

போன வருஷம் ஜூனிலிருந்து தீபாவளி வரைக்கும் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டில் ஒரு கேள்வியைக் கேட்டார்கள். ஒன்று, "என்ன இப்படி இளைச்சிட்டீங்க, சுகர் வந்திருச்சா?" இன்னொன்று, "என்ன பண்றீங்க, எங்களுக்கும் சொல்லுங்களேன்." நம் ஊரில் ஒரு பொம்பளை குண்டாக இருந்தால் அது அவள் வாய் செய்த வேலை, இளைத்தால் ஏதோ வியாதி. வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. இரண்டு கேள்விக்கும் நான் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன். "வாக்கிங் போறேன். ராத்திரி சோத்தை விட்டுட்டேன்." பொய் என்று பார்த்தால் இதில் பாதிதான் பொய். காலையில் அண்ணா ஸ்டேடியத்தில் நாலு சுற்று நடக்கத்தான் செய்தேன். ராத்திரி சோறு சாப்பிடாததும் உண்மை, ஆனால் நான் அதை விடவில்லை, அதுவாகத்தான் என்னை விட்டுப் போனது. 94 கிலோவில் ஆரம்பித்து தீபாவளிக்கு 83-க்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்ரூம் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றி வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊசி என்றால் டிர்செபடைட், சர்க்கரைக்கும் எடைக்கும் கொடுக்கிற மருந்து, பசியைக் குறைக்கும். மவுன்ஜாரோ என்று சொன்னால் பலருக்குச் சட்டென்று புரியும். 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது பேனா வடிவில் வரவில்லை, சின்னக் கண்ணாடிக் குப்பியில் வந்தது. அப்போது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375. வாரம் ஒன்று. மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு பையனின் ஹாஸ்டல் பீஸ். அதனால் எடுத்தவுடனே ஓடிப்போய்ப் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு உயரம் 158 சென்டிமீட்டர், உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ 37-ஐத் தாண்டியிருந்தது, பிபி மாத்திரை ஆறு வருஷமாக ஓடுகிறது, மூன்று மாத சராசரி சர்க்கரை 6.3, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, மாடிப்படி ஏறினால் முட்டியில் சத்தம். இருபது வருஷத்தில் பேலியோ, கொள்ளுக் கஞ்சி, ஜிம், வெந்நீரில் எலுமிச்சை எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றிலும் ஆறு கிலோ போகும், எட்டு கிலோ திரும்பி வரும்.

டாக்டர் முதல் நாள் சீட்டு எழுதித் தரவில்லை. கேள்வியாகக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் புற்றுநோய் வந்திருக்கிறதா, அதிலும் மெடுல்லரி என்ற வகை? கணையத்தில் வீக்கம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா? பித்தப்பையில் கல்? கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? 46 வயதில் இதையெல்லாம் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. இந்த ஊசி வயிறு காலியாகிற வேகத்தைக் குறைப்பதால் வாய்வழி மாத்திரைகள் ரத்தத்தில் சேர்வது மாறும், ஆரம்பித்த நாலு வாரத்துக்கும் ஒவ்வொரு முறை டோஸ் கூட்டிய பிறகு நாலு வாரத்துக்கும் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது என்றார். அப்புறம் ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன். பத்து நாள் கழித்துத்தான் சீட்டு கிடைத்தது. முதல் நாலு வாரம் 2.5, பிறகு 5, அதற்கு மேல் போவதா வேண்டாமா என்று அப்போது பார்க்கலாம். எழுந்து வரும்போது அவர் சொன்னது இது: "வீட்ல எல்லாருக்கும் தெரியணும்மா. எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல் டாக்டரா இருந்தாலும், முதல்ல இதைச் சொல்லுங்க."

நன்றாகத் தலையாட்டினேன்.

ஃபிரிட்ஜின் கடைசி வரிசை

எங்கள் வீட்டில் மாமியார் இருக்கிறார். நல்லவர். ஆனால் தைராய்டு மாத்திரையைக்கூட "இந்தக் கருமத்த வாழ்நாள் பூரா முழுங்கணுமாம்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறவர். அவரிடம் போய், இளைப்பதற்கு ஊசி போடுகிறேன், மாதம் இவ்வளவு செலவு என்று எப்படிச் சொல்வது? குப்பிகளை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், அதனால் ஃபிரிட்ஜைத் தவிர வேறு இடம் இல்லை. ஒரு காலி நெய் டப்பாவுக்குள் போட்டு, இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால், கடைசி வரிசையில், சுவரோடு ஒட்டி வைத்தேன். ஒளித்து வைக்கத் தோதான இடம் மருந்துக்குத் தோதான இடம் இல்லை என்று ஆகஸ்டில் தெரிந்தது. பழைய ஃபிரிட்ஜ்களில் பின்சுவர் ஓரம்தான் அதிகமாகக் குளிரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறந்தால் குப்பிக்குள் மருந்து உறைந்து கிடந்தது. உறைந்த மருந்து உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. 4,375 ரூபாய் குப்பையில். வாய்விட்டு ஒரு திட்டு திட்டக்கூட முடியவில்லை, ஹாலில் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி என்ன செய்தது என்றும் சொல்ல வேண்டும், நல்லதையும் சேர்த்துத்தான். மாலை நாலு மணிக்கு ஆபீஸ் எதிரே டீக்கடையில் பஜ்ஜி போடுவார்கள். அந்த எண்ணெய் வாசனை இரண்டாவது மாடிக்கு வரும். இருபது வருஷமாக நாலு மணிக்கு எனக்குள் ஒரு வழக்கு நடக்கும், போகலாமா வேண்டாமா, ஒன்றா இரண்டா, நேற்றும் சாப்பிட்டோமே என்று. தீர்ப்பு எப்போதும் பஜ்ஜிக்குத்தான் சாதகம். ஊசி ஆரம்பித்து மூன்றாவது வாரம் ஒருநாள் மணி ஐந்தரை ஆனதைப் பார்த்துத்தான் நாலு மணி வந்து போனதே எனக்குத் தெரிந்தது. வாசனை வந்திருக்கும். வழக்கு மட்டும் நடக்கவில்லை. சேரில் உட்கார்ந்தபடியே அழுகை வந்துவிட்டது, கண்ணில் தூசி என்று சமாளித்தேன். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதுமே இப்படித்தான் இருந்திருக்கிறதா? இதை வைத்துக்கொண்டுதான் என்னிடம் "கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா" என்று கேட்டார்களா?

கெட்டதும் உண்டு. முதல் மாதம் அழுகின முட்டை நாற்றத்தில் ஏப்பம் வரும். மாதாந்திர ரிவியூ மீட்டிங்கில் வந்தது, பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைத் திறந்தார். மலச்சிக்கல். டோஸ் கூட்டிய வாரம் இரண்டு நாள் குமட்டல். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது வேறு. பசி இல்லை என்பதால் நான் சாப்பிடுவதையே கிட்டத்தட்ட மறந்துவிட்டேன். காலையில் ஒன்றரை இட்லி, மதியம் நாலு வாய் தயிர்சோறு, ராத்திரி அரை டம்ளர் மோர். தராசு இறங்குவதைப் பார்த்து ஒரே குஷி. செப்டம்பரில் படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. ஊசி நல்லது என்று வாதாடி ஆரம்பித்தது நான்தானே, வீட்டுக்காரர் "அப்பவே சொன்னேன்" என்பாரே என்ற பயம். கடைசியில் டாக்டரிடம் போனபோது பிபி 98-க்கு 62. எடை குறையக் குறைய பிபியும் குறைந்திருக்கிறது, நான் 94 கிலோவுக்கு எழுதிய மாத்திரையையே முழுங்கிக்கொண்டிருந்தேன். மாத்திரையைப் பாதியாக்கினார். கூடவே ஒரு பாட்டு விட்டார். குறைகிற எடை முழுவதும் கொழுப்பு இல்லை, கால் பங்கோ அதற்கு மேலோகூட தசையாகவும் போகலாம், இந்த வயதில் போன தசை லேசில் திரும்பாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் முட்டை, மீன், சுண்டல், பயறு ஏதாவது வேளா வேளைக்கு உள்ளே போக வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், எதையாவது தூக்கி இறக்கிப் பயிற்சி செய்ய வேண்டும். அன்றிலிருந்து தட்டில் முதலில் முட்டை, அப்புறம்தான் சோறு.

இந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். குப்பி உறைந்ததற்கும் கண் இருட்டியதற்கும் மருந்து காரணம் இல்லை. இரண்டுமே நான் ஒளித்ததால் வந்தவை. உறைக்கவில்லை.

மூடி என்ன கலர்?

தீபாவளிக்கு நாத்தனார் வந்திருந்தாள், என் வீட்டுக்காரருக்குத் தங்கை. மணப்பாறையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. 41 வயது, ஆறு வருஷமாகச் சர்க்கரை. என்னைவிட ஐந்து வயது சின்னவள், "அண்ணி அண்ணி" என்று ஒட்டிக்கொள்வாள். அவளும் என்னைப் போலத்தான், குண்டு என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சும்மா பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "நெசமாச் சொல்லுங்க அண்ணி, எப்படி இளைச்சீங்க?" என்றாள். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. நான் முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "வாக்கிங்தான்மா. ராத்திரி சோத்தை விட்டுட்டேன்" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். "அப்படியா" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை. ராத்திரி பதினொன்று இருக்கும். அவள் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். முந்தாநாள் ராத்திரியிலிருந்து வாந்தி, தண்ணீர்கூட நிற்கவில்லை, காலையில் பக்கத்து கிளினிக்கில் தீபாவளிப் பலகாரம் செய்த வேலை என்று சொல்லி வாந்திக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள், இப்போது உடம்பெல்லாம் வேர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது. தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகிறது, பலகாரம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிப்பதற்குள் பின்னால் அவள் குரல் கேட்டது, அண்ணிகிட்ட குடுங்க, அண்ணிகிட்ட குடுங்க என்று. போன் என் கைக்கு வந்தது. "அண்ணி, நீங்க போடறதத்தான் நானும் போட்டேன்."

எனக்குக் கால் ஜில்லிட்டுப் போனது. முதலில் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னேன். 54. அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவள் சாப்பிடுவது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை. கிளிமிபிரைடு, சாப்பாடு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். டிர்செபடைட் தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம், கிளிமிபிரைடோ இன்சுலினோ கூடச் சேர்ந்தால் கதை வேறு. அதனால்தான் டாக்டர்கள் அந்த மாத்திரையைக் குறைத்துவிட்டு இதை ஆரம்பிப்பார்கள். இவள் இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடாமல், "சுகர் மாத்திரையை மட்டும் விடக் கூடாதுன்னு" வேளை தவறாமல் போட்டிருக்கிறாள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுக்கச் சொன்னேன், கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்கச் சொன்னேன், அதற்குள் வண்டிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னேன். 68 வந்தது. திருச்சிக்குக் கொண்டுவந்துவிடுங்கள், நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறோம் என்றோம்.

வண்டியில் வரும்போது பேசிக்கொண்டே வந்தாள், தூங்கிவிடக் கூடாது என்று நான்தான் பேச வைத்தேன். தெரிந்தவர் மூலம் ஒரு மெடிக்கலில் வாங்கியிருக்கிறாள், சீட்டு இல்லாமல். அங்கே 5 மில்லிகிராம் குப்பிதான் இருந்ததாம். பாதி பாதியாகப் போட்டுக்கொண்டால் இரண்டு வாரத்துக்கு வரும், காசும் மிச்சம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குப்பி ஒரே தடவைக்கானது, ஒருமுறை குத்திய குப்பியில் மிச்சத்தை வைத்திருந்து அடுத்த வாரம் போடவே கூடாது. அது கிடக்கட்டும். ஏதோ வீடியோவில் முழுக் குப்பி 50 யூனிட் என்று பார்த்து, பாதிக்கு 25 யூனிட் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கு சரிதான்.

"25 கோடு வரைக்கும் இழுக்கணும் அண்ணி. ஆனா 20 கிட்டயே பாட்டில் காலியாயிருச்சு. சரி, கம்மியாத்தானே போகுதுன்னு போட்டுட்டேன்."

"மூடி என்ன கலர்?"

"எது?"

"சிரிஞ்ச் மூடி."

"செவப்பு. மாமா இன்சுலின் போடறதுக்கு வீட்டுல ஒரு டப்பா கெடக்குதுல்ல, அதுல எடுத்தேன்."

இன்சுலின் ஊசி போடுகிற வீடுகளில் இது தெரிந்திருக்கும், மற்றவர்களுக்குத் தெரிய வழியில்லை. நம் ஊரில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் உண்டு. சிவப்பு மூடி, ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று கோடு போட்டது. ஆரஞ்சு மூடி, ஒரு மில்லிக்கு 100 யூனிட். குப்பியில் இருக்கும் அரை மில்லி, ஆரஞ்சில் இழுத்தால் 50-வது கோட்டில் நிற்கும், சிவப்பில் இழுத்தால் 20-லேயே முடிந்துவிடும். அவள் பாதி போட்டதாக நினைத்தது முழுக் குப்பி. 2.5-இல் ஆரம்பித்து நாலு வாரம் உடம்பைப் பழக்க வேண்டிய மருந்தை, எடுத்த எடுப்பில் இரண்டு மடங்கு ஏற்றியிருக்கிறாள். உள்ளே போனதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஐந்து நாள் ஆகும்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் "என்ன மருந்தெல்லாம் சாப்பிடறாங்க?" என்று கேட்டார். அவள் வீட்டுக்காரர் "சுகர் மாத்திரை மட்டும்தான் சார்" என்றார். அவருக்குத் தெரியாது. அவரிடமும் சொல்லாமல்தான் போட்டிருக்கிறாள், பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு. அவளும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி, எந்த சிரிஞ்ச். சொல்லச் சொல்ல அவள் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற பார்வை. என் மாமியாரும் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "நானும் போடறேன், ஜூன்லேர்ந்து" என்றேன். ஆஸ்பத்திரி காரிடாரில், ராத்திரி ஒரு மணிக்கு, ஐந்து மாதம் கட்டிக் காத்த ரகசியம் அப்படித்தான் வெளியே வந்தது.

குளுக்கோஸ் ஏற்றினார்கள், கிளிமிபிரைடை நிறுத்தினார்கள், கணையத்தில் வீக்கம் இருக்கிறதா என்று லைபேஸ் பார்த்தார்கள், நல்ல வேளையாக அது சரியாக இருந்தது. வயிற்று வலி முதுகுப் பக்கமாகப் போகிறதா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது, இரண்டு நாளில் இறங்கியது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுக்கு இளநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "எப்படித் தெரியும் உனக்கு?" என்றேன். தீபாவளிக்கு முந்தின நாளே மாவு எடுக்கப் போய் நெய் டப்பாவைத் திறந்திருக்கிறாள், நெய் வேண்டும் என்று. போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். அப்படியானால் முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு அவள் கேட்டபோது ஏற்கெனவே தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். "வாக்கிங்னு சொன்னீங்க. சரி, அண்ணிக்குச் சொல்ல இஷ்டமில்ல போல, நாமளே பாத்துக்கலாம்னு நெனச்சேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இளநீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "உப்பு கரிக்குது" என்றாள்.

எதற்காக ஒளித்தேன்

மூன்று மாதமாக இதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். செலவைச் சொல்லலாம், மாமியாரைச் சொல்லலாம். ஆனால் ஆபீஸில் என் செலவை யார் கேட்கப் போகிறார்கள்? அங்கேயும் வாக்கிங் என்றுதானே சொன்னேன். உண்மை என்னவென்றால் அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. "எவ்வளவு மன உறுதி உங்களுக்கு" என்று ஒருத்தர் சொன்னார். 46 வருஷத்தில் என் உடம்பை வைத்து யாரும் என்னை மன உறுதியோடு சேர்த்துப் பேசியதில்லை. ஊசி என்று சொல்லியிருந்தால் அந்தப் பாராட்டு மருந்துக்குப் போய்விடும். என்னைக் குண்டு என்று சொன்னவர்கள் எதை வைத்துச் சொன்னார்களோ, அதே கணக்கைத்தான் நானும் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறேன். நாக்கை அடக்கி இளைத்தால் சாமர்த்தியம், மருந்தால் இளைத்தால் களவு. அந்தக் கணக்கில் எனக்குக் கிடைத்த மார்க்கை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். இதை எழுதுகிறபோது கூசத்தான் செய்கிறது.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. செமாக்ளூட்டைடு, அதாவது இதே வகையில் இன்னொரு மருந்து, இந்தியாவில் அதன் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிகிறது. உள்ளூர் கம்பெனிகள் விலையைக் குறைத்துக் கொண்டுவரும் என்று பேசிக்கொள்கிறார்கள். நல்லதுதான், வேண்டியவர்களுக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் விலை இறங்கினால் என் நாத்தனார் வாங்கியது போலத்தான் பலர் வாங்குவார்கள், மெடிக்கலில் தெரிந்தவரைப் பிடித்து, கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து கிலோ குறைக்க. ஐந்து கிலோ குறைக்க வந்த மருந்து இல்லை இது. செமாக்ளூட்டைடை வைத்து நடந்த பெரிய ஆய்வில், 68 வாரம் போட்டுவிட்டு நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. பிபி மாத்திரையை நிறுத்தினால் பிபி வருகிற மாதிரி. எனக்கும் இதை எத்தனை வருஷம் போட வேண்டும் என்று டாக்டர் தேதி குறித்துத் தரவில்லை. ரகசியமாக எத்தனை வருஷம் போட முடியும்?

டிசம்பரில் கர்ப்பப்பையில் இருந்த ஒரு சின்னக் கட்டிக்காக மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. படிவத்தில் "வேறு மருந்துகள்" என்ற இடத்தில் முதல் வரியிலேயே எழுதினேன். மயக்க மருந்து டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கடைசியாக எப்போது போட்டீர்கள், சமீபத்தில் டோஸ் கூட்டினீர்களா, குமட்டல் இருக்கிறதா என்று கேட்டார். அந்த வார ஊசியை விடச் சொன்னார், முந்தின நாள் முழுக்கக் கஞ்சித் தண்ணீர், மோர் என்று நீராகாரம் மட்டும். எட்டு மணி நேரம் பட்டினி கிடந்தாலும் இந்த ஊசி போடுகிறவர்களின் வயிற்றில் சாப்பாடு தங்கியிருக்கலாம், மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார். மேசையில் படுத்த பிறகு "ஒரு ஊசி போடறேன் டாக்டர்" என்று மெதுவாகச் சொல்கிறவர்களும் உண்டாம். ஜூலையிலோ ஆகஸ்டிலோ இந்த ஆபரேஷன் வந்திருந்தால் நான் அதைக்கூடச் சொல்லியிருப்பேனா?

குப்பிகள் இப்போது ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்கின்றன, கண்ணாடி டப்பாவில், என் பெயர் எழுதி. மாமியார் முதலில் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் கரண்ட் போய் இரண்டு மணி நேரம் வராதபோது, "உன் மருந்து கெட்டுப்போயிருமா? ஐஸ் வாங்கியாரச் சொல்லட்டா?" என்று கேட்டார். நாத்தனார் ஜனவரியில் என் டாக்டரிடமே வந்தாள். கண் பரிசோதனை முடித்து, கிளிமிபிரைடை எடுத்துவிட்டு, 2.5-இல் ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர்தான் போட்டுவிடுகிறார். சிவப்பு மூடி டப்பா அவள் மாமனார் அலமாரிக்குப் போய்விட்டது.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் சொந்தக்கார அக்கா ஒருத்தர் வழக்கம்போல "என்ன இளைச்சிட்டே, சுகரா?" என்றார். "இல்லக்கா, ஊசி போடறேன்" என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். சுருக்கென்றுதான் இருந்தது.

இன்னும் ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை. ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். போன ஆகஸ்டில் நான் வாக்கிங் என்று சொன்னதைக் கேட்டு, மறுநாளே ஷூ வாங்கி வந்தவர். ஆறு மாதமாக ஒருநாள் தவறாமல் ஸ்டேடியத்துக்கு வருகிறார். ராத்திரி சோற்றையும் விட்டுவிட்டார். இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. இன்று காலை நாலாவது சுற்றில் மூச்சு வாங்க என்னிடம், "நீங்க நாலு ரவுண்டுலயே இவ்ளோ இளைச்சிட்டீங்க மேடம், என் உடம்புதான் மசிய மாட்டேங்குது. நாளையிலேர்ந்து ஏழு ரவுண்டு போலாம்னு இருக்கேன்" என்றார். சொல்ல வாயெடுத்தேன். "முட்டியப் பாத்துக்கங்க" என்றுதான் வந்தது.